கட்டில் சங்கத்தின் பொருளாதாரத் தாக்கம்

கட்டில் சங்கத்தின் அறைக்குள் ஒரு கட்டில்கூடக் கிடையாது. ஒன்பது வருடமாக இதை யாரும் ஒரு குறையாகச் சொன்னதில்லை.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால், பத்துக்குப் பதினான்கு அடியில் ஓர் அறை. சேவை அமைப்புகளுக்கென்று அரசாங்கம் வாடகை இல்லாமல் கொடுத்தது. உள்ளே ஒரு பெஞ்சு, ஒரு தொலைபேசி, ஒரு வெல்டிங் இயந்திரம், அந்த இயந்திரத்துக்கென்றே தனியாக இழுத்த தடித்த மின்கம்பி. சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஒரே ஒரு விதி எழுதியிருக்கும்: 'குணமானவர் அடுத்தவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.'

இடுப்பு உடைந்தவர்கள், முதுகில் அறுவை செய்துகொண்டவர்கள், மாடிப்படியில் உருண்டவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போது, தலைமாட்டை உயர்த்துகிற கட்டிலோ சக்கர நாற்காலியோ வாக்கரோ இரண்டு மூன்று மாதத்துக்குத் தேவைப்படும். சங்கம் கொடுக்கும். உடம்பு சரியானதும் அவரோ அவர் வீட்டாரோ அதை அடுத்து வேண்டியவரின் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். நேற்றுவரை படுத்துக் கிடந்தவர் இன்று நடந்து வந்து கட்டிலை இறக்கி வைப்பதைப் பார்த்தாலே, புதிதாகப் படுக்கப் போகிறவருக்குப் பாதி வலி குறைந்துவிடும் என்பது செயலாளரின் நம்பிக்கை. ஆகையால் எந்தச் சாமானும் அறைக்குத் திரும்பி வருவதில்லை, கால் ஒடிந்தால் தவிர. சாமானின் கால்.

செயலாளர் ஒரு வெல்டர். ஒடிந்த கால்களை ஒட்டுவது அவர் வேலை. மற்ற எல்லா வேலையும் அவர் மனைவியுடையது. பதினான்கு கட்டில்கள், பத்தொன்பது சக்கர நாற்காலிகள், முப்பது வாக்கர்கள், ஆக மொத்தம் அறுபத்து மூன்றும் எந்தத் தெருவில் யார் வீட்டில் இருக்கின்றன, அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்கிறார்களா என்பது வரை அந்த அம்மாளுக்கு மனப்பாடம்.

அப்படி இருக்கையில்தான் ஆணையத்திலிருந்து கடிதம் வந்தது.

மாநிலத்தில் உள்ள லாப நோக்கமற்ற அமைப்புகள் ஒவ்வொன்றும் பொருளாதாரத்துக்கு எவ்வளவு தூரம் உதவுகிறது என்று அளப்பதற்காக ஏற்பட்டது அந்த ஆணையம். எல்லா அமைப்புகளும் மாத முடிவுக்குள் தங்கள் பொருளாதாரத் தாக்கத்தை நிரூபிக்க வேண்டும் என்றும், தாக்கம் இல்லாதவர்களிடமிருந்து அரசு அறைகள் திரும்பப் பெறப்படும் என்றும் கடிதம் சொன்னது. கடிதத்தின் அடியில், 'புன்னகையுடன் அளப்போம்' என்று அச்சிட்டிருந்தது.

"போயிட்டு வந்துடலாம். நாம என்ன திருடினோமா?" என்றார் வெல்டர்.

"திருடியிருந்தா கணக்காவது காட்டலாம்" என்றாள் மனைவி.

ஆணையம் பதினோரு மாடிக் கட்டடத்தில் இருந்தது. நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஒரு பெரிய மின்பலகை. 'எங்களால் தொடப்பட்ட வாழ்க்கைகள்' என்ற தலைப்பின் கீழ் ஒன்பது கோடியே எண்பது லட்சத்துச் சொச்சம் என்று ஓர் எண் ஒளிர்ந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பன்னிரண்டு கூடியது.

அவர்களை அழைத்துப்போக வந்த அளவீட்டு அதிகாரி இளம்பெண். கையில் ஒரு டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் ராத்திரி சரியாகத் தூங்காதவர்களின் சுறுசுறுப்பு.

"ஏம்மா, நம்ம மாநிலத்துல மொத்தமே ஏழெட்டுக் கோடி பேர்தானே?" என்று மனைவி பலகையைக் காட்டிக் கேட்டாள்.

"ஒருத்தரையே பல அமைப்பு தொடுதும்மா. சில பேரை பதினேழு தடவை தொட்டிருக்கோம்."

"அவங்க ஒண்ணும் சொல்லலையா?"

அதிகாரி அவர்களை மூன்றாம் மாடியில் ஒரு மேசைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தாள். மேசைகள் கண்ணுக்கெட்டியவரை போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் அதிகாரி கேட்டுக்கொண்டும் ஓர் அமைப்பு விழித்துக்கொண்டும் இருந்தது. அடுத்த மேசையில் பார்வையற்றோருக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் சங்கத்துப் பெரியவரிடம், ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் செல்வந்தர் ஆனார்கள் என்று விசாரணை நடந்துகொண்டிருந்தது.

"உங்க அமைப்பு எத்தனை வேலைவாய்ப்பு உருவாக்கியிருக்கு?" என்று தொடங்கினாள் அதிகாரி.

"அப்படி எதுவும் இல்லீங்க மேடம்" என்றார் வெல்டர்.

"அப்ப அறையை யார் திறக்கறாங்க?"

"நான்தான்" என்றாள் மனைவி.

"சம்பளம்?"

"இவர்கிட்டயா?" மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில், இருபத்தாறு வருட இல்லறத்தின் வரவும் செலவும் வரிசையாக நின்றன.

அதிகாரி தட்டினாள்: வேலையில்லாத் திண்டாட்டம், ஒருவர், ஒன்பது ஆண்டுகள்.

"அடுத்தது. உங்ககிட்ட சாமான் வாங்கினவங்க, நீங்க இல்லேன்னா கடையில வாங்கியிருப்பாங்க இல்லையா?"

"கடையில வாங்க முடியாதவங்கதானே மேடம் எங்ககிட்ட வர்றாங்க."

"ஒரு பேச்சுக்குச் சொல்லுங்க."

"ஒரு பேச்சுக்குன்னா வாங்கியிருப்பாங்க."

"இதுவரைக்கும் எத்தனை தடவை கொடுத்திருக்கீங்க?"

"ரெண்டாயிரத்து நூத்தி ஆறு" என்றாள் மனைவி, யோசிக்காமல்.

அதிகாரியின் விரல்கள் ஓடின. இரண்டாயிரத்து நூற்றாறு சாமான்கள் விற்காமல் போயிருக்கின்றன. அவற்றைச் செய்வதற்கு ஒரு தொழிற்சாலை திறக்காமல் போயிருக்கிறது. அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்யாத நூற்றெண்பது தொழிலாளர்கள், ஒன்பது வருடமாக வாசல் கடையில் மத்தியானச் சாப்பாடு சாப்பிடாமல் இருந்திருக்கிறார்கள். வெல்டருக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. இத்தனை பேரைப் பட்டினி போட்டது தெரியாமலே அவர் நிம்மதியாக நடமாடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"இன்னொண்ணு. உங்க பயனாளிகள் ஏன் நிலையா நிக்கறதே இல்ல? மூணு மாசத்துல காணாமப் போயிடறாங்களே."

"குணமாயிடறாங்க மேடம்."

"எல்லாருமா?"

"அநேகமா."

"அதைத் தொடர்பு இழப்புன்னுதான் போடணும்" என்று அனுதாபத்தோடு சொல்லிவிட்டுப் போட்டாள். டேப்லெட்டின் திரை சிவந்தது. "மைனஸ் நாப்பத்தொண்ணு. இவ்வளவு சின்ன அமைப்பு இவ்வளவு பெரிய மைனஸ் எடுத்து நான் பார்த்ததில்லை. இயக்குநர் உங்களை நேர்ல பார்க்கணும்னு சொல்வார்."

சொன்னார். பதினோராம் மாடியில் இயக்குநரின் அறையைப் பார்த்ததும், இதற்குள் நம் அறை மாதிரி நாலை வைக்கலாம் என்று வெல்டர் மனதுக்குள் அளந்தார். மூலையில் ஒரு செடி இருந்தது. அதற்குத் தண்ணீர் ஊற்றுவதற்கென்று ஒருவர் நின்றார். பசுமை வேலைவாய்ப்பு என்று அவர் சட்டையில் எழுதியிருந்தது.

இயக்குநர் கோபப்படவில்லை. அவர் கனிவானவர். நாற்காலி காட்டி உட்கார வைத்து, தண்ணீர் கொடுக்கச் சொன்னார். செடிக்காரர் கொடுத்தார்.

"நல்லது செய்றீங்க. யாரும் இல்லேன்னு சொல்லல. ஆனா செயலாளர் அவர்களே, நல்லது செய்றது சுலபம். மனசு இருந்தாப் போதும். அளக்கறதுதான் கஷ்டம். அதனாலதான் நல்லது செய்றவங்களுக்கு ஒரு அறை, அளக்கறவங்களுக்கு பதினோரு மாடி."

"சரிங்க சார்."

"நாங்களும் லாப நோக்கம் இல்லாத அமைப்புதான். சத்தியமாச் சொல்றேன், இத்தனை வருஷத்துல ஒரு காசு லாபம் பார்த்ததில்ல. வர்றதை வர்றதுக்கு முன்னாடியே செலவு பண்ணிடறோம். நானூத்திப் பன்னெண்டு பேர் இங்க வேலை செய்றாங்க. எங்க படிவத்தைப் பூர்த்தி செய்றதுக்காகவே மாநிலம் பூரா ஆறாயிரம் பேரை அமைப்புகள் வேலைக்கு வச்சிருக்கு. அது எங்க தாக்கம். உங்க தாக்கம் என்ன?"

வெல்டர் யோசித்தார். "போன மாசம் ஒரு பாட்டுக்காரர் எழுந்து நடந்தார் சார்."

"நடந்து எங்க போனார்?"

"பாத்ரூம் போனார் சார். தனியா."

இயக்குநர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி உதட்டைப் பிதுக்கினாள். அதற்குக் கட்டம் இல்லை.

"குணமாகறதைத் தப்புன்னு சொல்லல" என்றார் இயக்குநர். "கொஞ்சம் ஒழுங்கா குணமாகலாம்னு சொல்றேன். எல்லாரும் அவங்கவங்க இஷ்டத்துக்கு எழுந்திரிச்சுப் போனா எண்ணிக்கை என்ன ஆகறது? நிதியாண்டு முடியற வரைக்கும் ஒரு பத்துப் பேரையாவது படுக்க வைக்கலாமே. போகட்டும். சொத்துக்கள் எங்க இருக்கு?"

"வீடுகள்ல இருக்கு சார்."

"உங்க அறையில?"

"ஒரு பெஞ்சு இருக்கு."

"பெஞ்சால எத்தனை பேருக்குப் பயன்?"

"அதுல நான் உட்காருவேன் சார்."

"பயனாளி ஒண்ணு" என்று அதிகாரி குறித்துக்கொண்டாள். முதல் முறையாகத் திரை ஓரத்தில் ஒரு பொட்டுப் பச்சை தெரிந்தது.

கடைசியில் இயக்குநர் ஒரு வாய்ப்புக் கொடுத்தார். வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்கு நேரடிச் சொத்துச் சரிபார்ப்பு. அறுபத்து மூன்று சாமானும் அறையில் இருக்க வேண்டும். இருந்தால் மறுமதிப்பீடு. இல்லாவிட்டால் சங்கம் என்று ஒன்று இல்லை என்று பொருள், அறையும் இல்லை.

"கட்டில்ல ஆள் படுத்திருக்காங்க சார்."

"நான் கட்டிலைத்தானே கேட்டேன்? ஆளைக் கேக்கலையே. சுற்றறிக்கை ரொம்பத் தெளிவா இருக்கு" என்றார் இயக்குநர், எழுந்து கைகுலுக்கியபடி. வெளியே வரும்போது அவர்கள் கண்ணெதிரே மின்பலகையில் எண் இரண்டு கூடியது. அந்த இரண்டு தாங்கள்தான் என்பது வெல்டருக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி வாயைத் திறந்தாள்.

"அந்த அறை போனா என்ன, இங்க நடுக்கூடத்துல பெஞ்சைப் போட்டுக்கலாம். போனும் இங்க இருக்கட்டும்."

"பெஞ்சு சரி. மெஷினை எங்க வைக்கறது? இஸ்திரிப் பெட்டியைப் போட்டாலே நம்ம வீட்டுல ஃபியூஸ் போகுது. வெல்டிங் போட்டா தெருவே இருட்டாயிடும். அந்த மாதிரி லைன் இழுக்க நமக்கு யார் கொடுப்பா?" வெல்டர் கையை விரித்தார். "மெஷின் ஓடலேன்னா ஒடிஞ்ச கால் ஒடிஞ்சபடி நிக்கும். மாசத்துக்கு ரெண்டு மூணு வருது. ரெண்டு வருஷத்துல அறுபத்து மூணும் பழைய இரும்புக்குப் போயிடும்."

அவள் வீட்டுத் தொலைபேசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கேக்கறதுக்கே வாய் கூசுது. நீங்க பக்கத்துல நிக்காதீங்க, போங்க."

அவள் அறுபத்து மூன்று வீடுகளுக்கும் பேசினாள். புதன்கிழமை காலை ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், சாமானை அறைக்குக் கொண்டுவர வேண்டும் என்றாள். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. எல்லாரும், ஒரு மணி நேரம்தானே என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டு, சரி என்றார்கள்.

பள்ளி வேன் டிரைவர் மட்டும் அவராகவே கூப்பிட்டார். அவருடைய அப்பா இடுப்பு உடைந்து பத்து நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தார்.

"அண்ணே, புதன்கிழமை அப்பாவை அனுப்பறாங்க. கணக்கு டீச்சர் வீட்டுல இருக்கற பதினாலாம் நம்பர் கட்டில் எங்களுக்குன்னு அக்கா சொல்லியிருந்தாங்க. அது வந்துடும்ல?"

"வந்துடும் தம்பி. ஒரு மணி நேரம் முன்ன பின்ன ஆகும்."

"தரையில படுக்க வைக்கக் கூடாதுன்னு டாக்டர் ரெண்டு தடவை சொல்லிட்டார்ணே. அதான்."

"நான் இருக்கேன்ல" என்றார் வெல்டர். சொன்ன பிறகுதான், தான் இருந்து என்ன செய்யப் போகிறோம் என்ற யோசனை வந்தது.

புதன்கிழமை எட்டரைக்கு முதல் கட்டில் வந்தது. சக்கரம் வைத்த கட்டில். மகன் தள்ளிக்கொண்டு வந்தார், மருமகள் குடை பிடித்து வந்தாள், கட்டிலின் மேல் ஓர் அம்மாள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, தேர் மேல் வருகிற மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தார்.

வெல்டர் ஓடிப்போனார். "கட்டிலை மட்டும்தானே கேட்டிருந்தோம்?"

"அம்மாவை எங்க இறக்கி வைக்கறது? அலமாரியிலயா?" என்றார் மகன்.

"நான்தான் வரேன்னு சொன்னேன்" என்றார் கட்டிலில் இருந்த அம்மாள். "ரெண்டு மாசமா விட்டத்தைப் பார்த்துக் கிடக்கேன். தெருவைப் பார்க்கக் கூடாதா?"

அதற்குப் பிறகு நிற்கவில்லை. கட்டிலைக் கொண்டுவரச் சொன்னால், அதில் படுத்திருப்பவரையும் கொண்டுவர வேண்டியிருக்கிறது. வாக்கரைக் கொண்டுவரச் சொன்னால், அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் வர முடியும்; வந்தால், அதை விட முடியாது. சுற்றறிக்கை எழுதியவர்களுக்கு இது தோன்றவில்லை. அறைக்குள் நாலு கட்டில் கொண்டது. மற்றவை தெருவில் வரிசையாக நின்றன. ஒன்பதரை மணிக்குத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஜனங்கள் படுத்திருந்தார்கள்.

ஒன்பதாம் நம்பர் கட்டிலில் இப்போது படுத்திருப்பவரும், அதற்கு முன்னால் படுத்திருந்தவரும் முதல் முறையாக நிதானமாகச் சந்தித்து, இடது பக்கம் ஒருக்களித்தால் கம்பி குத்துவதைப் பற்றி விரிவாகப் பேசிக்கொண்டார்கள். முடிதிருத்துபவர் ஒருவர் பெட்டியோடு வந்து, படுத்தவாக்கிலேயே சவரம் செய்துவிடத் தொடங்கினார். வெயில் ஏற, குடை விற்பவர் எங்கிருந்தோ முளைத்தார். டீக்கடைக்காரர் இரண்டாவது அடுப்பைப் பற்றவைத்தார். பணிமனையிலிருந்து ஒரு பேருந்தும் வெளியே வர முடியவில்லை. இருபத்திரண்டு பேருந்துகள் உள்ளே நின்று உறுமின. டிரைவர்களும் பயணிகளும் இறங்கி வந்து பன் வாங்கித் தின்றுகொண்டு, இது என்ன ஊர்வலம் என்று விசாரித்தார்கள்.

பணிமனை மேஸ்திரி வெல்டரின் சட்டையைப் பிடிக்காத குறையாக வந்தார். "யோவ், என்னய்யா இது? என் பஸ் எப்படி வெளிய போகும்?"

"ஒரு மணி நேரம் பொறுத்துக்குங்கண்ணே. அளக்க வர்றாங்க."

"தெருவையா?"

"எங்களை."

பத்து மணிக்கு இயக்குநர் ஒன்பது பேரோடு வந்தார். கார்கள் முனையிலேயே நின்றுவிட்டன. அவர்கள் கட்டில்களுக்கு இடையே பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வந்து சேர்ந்தார்கள். உட்கார ஒரு நாற்காலி இல்லை. இருந்த நாற்காலிகளுக்கெல்லாம் சக்கரம் இருந்தது, மேலே ஆளும் இருந்தார். காலியாக இருந்தது பதினாலாம் நம்பர் கட்டில் ஒன்றுதான். முதுகு சரியாகிவிட்ட கணக்கு டீச்சர் அதைத் தானே தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டு, பக்கத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். இயக்குநர் அதில் உட்கார்ந்தார். இடம் இருந்ததால் கூட வந்த துணை இயக்குநர்கள் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். கட்டில் முனகியது. வெல்டருக்கு அந்தச் சத்தம் எந்த ஒட்டிலிருந்து வருகிறது என்றுகூடத் தெரிந்தது.

அளவீட்டு அதிகாரி தெருவின் ஒரு முனையிலிருந்து எண்ணத் தொடங்கினாள். அவளுக்குச் சாமான்களை மட்டும் எண்ணத்தான் உத்தரவு. ஆனால் பயிற்சி அவளை விடவில்லை. முந்நூற்று நாற்பது டீ. இருபத்தாறு குடை. பதினொரு சவரம். இருநூற்று எண்பது பன். விலையில் முறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பஸ் பயணிகளுக்கு இடையில் பேசி முடிந்த ஒரு பழைய தையல் மிஷின் வியாபாரம். எல்லாவற்றையும் உள்ளே போட்டாள். ஒரு நாளில் இவ்வளவு என்றால் வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்க வேண்டும். பெருக்கினாள். அதைச் சங்கிலி விளைவுக்காக நாலே முக்காலால் பெருக்க வேண்டும். ஏன் நாலே முக்கால் என்று ஆணையத்தில் யாருக்கும் தெரியாது. அவர்கள் சேர்வதற்கு முன்பே அது அங்கே இருந்தது. பெருக்கினாள். திரை பச்சையாகி, பிறகு அவள் இதுவரை பார்த்திராத ஒரு பொன்னிறத்துக்குப் போனது.

"சார்" என்றாள். "பிளஸ் ஆயிரத்து இருநூறு. மாநிலத்துலயே முதல் இடம்."

இயக்குநர் உட்கார்ந்தபடியே உடன் வந்த ஒருவரிடம் ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கினார்.

"பெரியோர்களே, படுத்திருப்பவர்களே! ஒன்பது வருஷமா இந்தச் சங்கம் தன்னோட சொத்தை வீடு வீடா ஒளிச்சு வச்சிருந்தது. அதனால யாருக்கு என்ன லாபம்? இன்னைக்கு எங்க ஒரே ஒரு சுற்றறிக்கையால அதெல்லாம் வெளிய வந்தது. கண்ணால பார்க்கறீங்க. டீ ஓடுது. பன் ஓடுது. பஸ் ஓடல, ஆனா பஸ்ஸுக்குள்ள இருந்தவங்க எல்லாம் இறங்கிச் செலவு பண்றாங்க. பொருளாதாரம்னா இதுதான். ஆகவே ஆணையத்தின் முடிவை மகிழ்ச்சியோட அறிவிக்கறேன். இந்த அறை இன்னும் முப்பது வருஷத்துக்கு இவங்களுக்கே. பக்கத்து அறையும் இவங்களுக்கே. ஒரே ஒரு நிபந்தனை. இந்த அறுபத்து மூணு சொத்தும் இனிமே இங்கயே, இந்தத் தெருவுலயே, நிரந்தரமா இருக்கணும்."

அவருடன் வந்தவர்கள் கைதட்டினார்கள். படுத்திருந்தவர்களில் சிலரும் தட்டினார்கள். ரொம்ப நாளாக அவர்கள் எதற்கும் கை தட்டியிருக்கவில்லை.

அதிகாரி ஒப்பந்தத்தை நீட்டினாள். இயக்குநர் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து வெல்டரிடம் கொடுத்தார். நல்ல கனமான பேனா. வெல்டர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். சுவரோடு வந்து இயந்திரத்தில் முடிகிற அந்தத் தடித்த கம்பியை முப்பது வருடத்துக்கு யாரும் பிடுங்கப் போவதில்லை. ஒரு கையெழுத்துதான்.

அப்போது வேன் டிரைவர் கூட்டத்துக்குள் புகுந்து வந்தார். வியர்த்திருந்தார்.

"அண்ணே, அப்பாவைக் கூட்டிட்டு வந்துட்டேன். ஆஸ்பத்திரியில வச்சிருக்க மாட்டேன்னுட்டாங்க. முனையில வேன்ல, பின் சீட்டுல படுக்க வச்சிருக்கேன். பசங்க உட்கார்ற சீட்டுண்ணே, கால் நீட்ட முடியல. வாயத் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறார், அதான் பயமா இருக்கு."

வெல்டர் பேனாவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"என்னை ஏன் பார்க்கறீங்க?" என்றாள் அவள். "போடறதா இருந்தா போடுங்க, இல்லேன்னா குடுத்துடுங்க. டீச்சர் எவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே இருப்பாங்க."

வெல்டர் பேனாவை மூடினார். குனிந்து, மரியாதையாகவே, அதை இயக்குநரின் சட்டைப் பையில் திரும்பச் செருகினார்.

"சார், கொஞ்சம் எழுந்திரிங்க."

"போட்டோவா?"

"இல்ல சார். கட்டில் போகணும்."

"எங்க போகணும்? இது நிரந்தரச் சொத்து."

"கையெழுத்துப் போட்டாத்தானே சார்." அறைச் சாவியை எடுத்து இயக்குநரின் உள்ளங்கையில் வைத்தார். "அறை உங்களோடது. பெஞ்சையும் வச்சுக்குங்க. கட்டில் மட்டும் வேணும்."

இயக்குநர் எழுந்திருக்கவில்லை. இந்தச் சூழ்நிலைக்குச் சுற்றறிக்கை எதுவும் இல்லை. கணக்கு டீச்சர்தான் அவருக்கு முன்னால் வந்து நின்றார். முப்பது வருடம் வகுப்பறையைக் கட்டி மேய்த்த குரல்.

"எழுந்திரிங்க. நாலு பேரும்."

நாலு பேரும் எழுந்தார்கள். துணை இயக்குநர்களில் ஒருவர் பழக்க தோஷத்தில் கையைக் கட்டிக்கொண்டார்.

பதினாலாம் நம்பர் நகர்ந்ததும் தெரு முழுக்க நகர்ந்தது. மகன்கள் தள்ளினார்கள், மருமகள்கள் குடையை விரித்தார்கள், வாக்கர்கள் டக் டக்கென்று கிளம்பின. சவரம் பாதியில் இருந்த ஒருவருக்கு முடிதிருத்துபவர் கூடவே நடந்துகொண்டே மறு கன்னத்தை முடித்துக் கொடுத்தார். அதிகாரியின் திரையில் எண் ஆயிரத்து இருநூறிலிருந்து சரசரவென்று இறங்கியது.

"சொத்தெல்லாம் எங்க போகுது?" என்றார் இயக்குநர்.

"வீட்டுக்கு சார்" என்றாள் அதிகாரி.

வெல்டர் மட்டும் அறைக்குள் போய் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றார். கம்பியைக் கழற்றக் கை வரவில்லை. பின்னால் பணிமனை மேஸ்திரியின் குரல் கேட்டது. முதல் பேருந்து வெளியே போனதில் அவர் கொஞ்சம் இறங்கி வந்திருந்தார்.

"எடுத்துட்டு எங்கய்யா போவ?"

"தெரியலண்ணே."

"சுவத்துக்கு அந்தப் பக்கம் எங்க ஷெட்டு. எங்க வெல்டர் ஓய்வு பெற்று மூணு வருஷமாச்சு, ஆளே போடல. லைன் சும்மா கிடக்கு. ஒரு மூலையில போட்டுக்க. ஆனா சும்மா இல்ல, பஸ்ஸுல சீட்டுக் கால் ஆடுது, கேட்டப்ப ஒட்டிக் குடுக்கணும்."

"கால் ஒட்டறதுதானே" என்றார் வெல்டர். அவர் முகத்தைப் பார்த்த மேஸ்திரி, இன்னும் கொஞ்சம் பேரம் பேசியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

வேன் டிரைவரின் வீடு நாலு தெரு தள்ளி. பெரியவர் படுத்திருந்த வேனைப் பஸ் டிரைவர் ஒருவர் பின்னால் மெதுவாக ஓட்டி வந்தார். பதினாலாம் நம்பர் கட்டிலின் ஒரு பக்கத்தைக் கணக்கு டீச்சரும் டிரைவரும் தள்ளினார்கள். மறுபக்கம் வெல்டரின் மனைவி. நாலாவது மூலையில் ஆள் இல்லாமல் கட்டில் கோணிக்கொண்டு போனதைப் பார்த்து, பின்னால் வந்துகொண்டிருந்த அளவீட்டு அதிகாரி டேப்லெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து பிடித்துக்கொண்டாள். இறுதிப் பயனாளி படிவம் ஒன்று மிச்சமிருந்தது. அதைப் பூர்த்தி செய்யாமல் அவள் திரும்ப முடியாது.

ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டார்கள். டிரைவரும் வேனை ஓட்டி வந்தவரும் சேர்ந்து பெரியவரை வேனிலிருந்து தூக்கி வந்து படுக்க வைத்தார்கள். வெல்டரின் மனைவி கைப்பிடியைச் சுற்றித் தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தினாள். போதுமா என்று கேட்டாள். இன்னும் ஒரு சுற்று என்று விரலைக் காட்டினார் பெரியவர்.

"ரெண்டு மாசத்துல நீங்களே இதைத் தள்ளிக்கிட்டுப் போவீங்க பாருங்க" என்றார் டீச்சர். "நான் தள்ளிட்டு வந்தேனே, பார்த்தீங்கல்ல?"

பெரியவர் டீச்சரை மேலும் கீழும் பார்த்தார். முதுகைத் திரும்பிக் காட்டச் சொன்னார். டீச்சர் திரும்பிக் காட்டினார். அவருக்குத் திருப்தியாக இருந்தது.

எல்லாரும் வெளியே போன பிறகு அதிகாரி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஐயா, ஒரே ஒரு கேள்வி. இந்தக் கட்டிலால உங்க உற்பத்தித் திறன் எத்தனை சதவீதம் கூடியிருக்குன்னு சொல்ல முடியுமா?"

பெரியவர், நல்ல கேள்விதான் என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

"பன்னெண்டு நாளா கண்ணை மூடலம்மா. எழுந்திரிச்சுச் சொல்லட்டுமா?"

"சரிங்க ஐயா."

அவர் கண்ணை மூடினார். முதலில் மூச்சு மேலும் கீழுமாக இருந்தது. பிறகு சீராயிற்று. பிறகு லேசான ஒரு குறட்டை, ஜன்னல் திரையை விலக்கி எட்டி எட்டிப் பார்ப்பது போல வந்தது. அதிகாரி டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கட்டம் காலியாக மின்னிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் ஆயிற்று. டிரைவரின் மனைவி எட்டிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல், ஒரு தலையணையைக் கொண்டுவந்து அதிகாரியின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே வைத்துவிட்டுப் போனாள்.

தொலைபேசி அதிர்ந்தது. இயக்குநர்.

"எவ்வளவும்மா வந்தது? நம்பரைச் சொல்லு. பலகையில ஏத்தணும். எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம்."

அதிகாரி கையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

"மெதுவாப் பேசுங்க சார்" என்றாள். "ஆள் தூங்கறார்."